கிளீவ்லந்து நகரத் தலைவர் டாம் ஜான்ஸன்

செல்வம் சேர்க்கும் வழியைக் கற்றவர்கள் உலகத்திற் பலர். தாம் செல்வம் சேர்த்த வழியினால் ஊராருக்கு நேர்ந்த நஷ்டம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்து, அந்த வழியை அடைப்பதற்காகவே தம் பிற்காலத்தையும் பொருளையும் செலவிட்டவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், அமெரிக்கா தேசத்தில் ஓஹையோ மாகாணத்துக் கிளீவ்லந்து பட்டணத்திற்கு 1901 முதல் 1909 முடிய நகரத் தலைவராக, அதாவது மேயராக, இருந்த டாம் லாஃப்டின் ஜான்ஸன் என்பவர். அவர் காலஞ்சென்று நூறாண்டுகளுக்கு மேலாயின. எனினும் நகரசபை நிர்வாகத்தைப் பற்றி ஆராய்வோர் அவர் பெயரை இன்னும் மறந்திலர். வியாபாரத்திற் பழகிய நம் சங்கத்துக் குடும்பத்தார்க்கு அன்னாரது சரித்திரம் விசேஷமாக ருசிக்கும் என்று எண்ணி ஈண்டு எழுதலாயினோம்.

ஜான்ஸன் 1854-ஆம் வருஷம் ஜூலை மாதம் 18-ஆம் தேதி கெண்டக்கி மாகாணத்தில் ஜார்ஜ்டவுன் என்னும் ஊருக்கு அருகே பிறந்தார். நிலமும் அடிமைகளும் உடைய குடும்பம் அது. 1861-இல் உள்நாட்டு யுத்தம் மூண்டபோது அவர் தகப்பனார் தென்னாட்டார் பக்ஷம் சேர்ந்து சேனையில் உத்தியோகம் வகித்தார். 1865-இல் யுத்தம் தோல்வியில் முடிந்தது. குடும்பத்தின் செல்வமும் உடன் ஒழிந்தது. அடிமைகளின் உழைப்பால் வந்த பொருள் போயிற்றே என்று நாம் வருந்த வேண்டுவதில்லை. ஆயினும் பதினொரு வயதுப் பிள்ளையின் தலையில் குடும்ப பாரம் விழுந்தது என்பதை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

அப்பொழுது அவர்கள் வர்ஜீனியா மாகாணத்தில் ஸ்டான்டன் என்னும் சிற்றூரில் தங்கியிருந்தனர். யுத்தத்தினால் பாதைகள் கெட்டுக் கிடந்தபடியால் அவ்வூருக்கு ஒரேயொரு ரயில்தான் வந்து போயிற்று. பிள்ளை டாம் அந்த ரயிலின் கண்டக்டரோடு சிநேகமானான். வெளியூர்ப் பத்திரிகைகளை அந்த ரயிலில் ஏற்றிவந்து விற்கும் உரிமையைக் கண்டக்டர் அவனுக்கு மாத்திரமே அளித்தார். வேறு பையன் எவனும் ஒரு தாளையும் ஏற்ற இயலாது. போட்டி இல்லாமையால் சாதாரணப் பத்திரிகைக்கு 15 சென்ட், படம் போட்ட பத்திரிகைக்கு 25 சென்ட் என்று அவன் வைத்ததே விலையாயிற்று. ஐந்து வாரத்தில் 88 டாலர் வெள்ளி நாணயமாகச் சேர்ந்தது. அந்தப் பணத்தைக் கொண்டுதான் குடும்பம் அவ்வூரை விட்டு வேறிடம் போய்ப் பிழைக்க முடிந்தது. பின்பு கண்டக்டர் மாறவே வியாபாரமும் நின்றுபோயிற்று.

இந்தச் சிறு சம்பவத்தை அவர் தம் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. பிள்ளை கெட்டிக்காரன் என்பதால் மட்டும் அந்த லாபம் வரவில்லை. பொதுவான பாதை ஒன்றைத் தனக்கு மாத்திரம் என்று ஒருவர் அடைத்துக் கொடுத்ததனால் வந்தது. வாங்கியவர்கள் வேறு கதியின்றிக் கொடுத்தார்கள். முதற் பாடமாக அவர் கற்றது இதுவே. அதனை முப்பது வருஷம் தம் லாபத்திற்காகவும், பத்து வருஷம் அதற்கு எதிராகவும் உபயோகித்தார்.

பள்ளியிற் படித்தது மொத்தத்தில் ஓராண்டுக்கு அதிகமில்லை. 1869-இல் கெண்டக்கியைச் சேர்ந்த லூயிவில் பட்டணத்தில் டூபான்ட் சகோதரர்களின் டிராம் கம்பெனியில் வேலைக்கு அமர்ந்தார். டிராம் என்றால், 1895 முதல் 1953 வரையில் சென்னைப் பட்டணத்து வீதிகளில் மின்சாரத்தினால் ஓடியதே, அவ்வித வண்டி. ஆனால் அக்காலத்து அமெரிக்காவில் அது தண்டவாளத்தின்மேல் குதிரைகள் இழுத்துச் சென்ற வண்டி. பிரயாணிகள் கொடுக்கும் காசு நடுவழியில் சிதறுண்டு போவதைக் கண்ட அவர், கண்ணாடிப் பக்கங்களையுடைய காசுப் பெட்டி ஒன்றைக் கற்பித்தார். கோயில் உண்டியலைப் போல உள்ளே விழுந்த காசு வெளியே வராது. ஆயினும் உள்ளே விழுந்தது நல்ல காசா, செல்லாக் காசா என்பது யாவருக்கும் தெரியும். அதன் வருமானமே அவருக்கு இருபதினாயிரம், முப்பதினாயிரம் டாலராயிற்று. 1876-இல் தம் முன்னாள் எஜமானர் கொடுத்த கடனையும் சேர்த்து இண்டியானபோலிஸ் நகரத்து டிராம் பாதைகளை விலைக்கு வாங்கினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு.

1879-இல் கிளீவ்லந்துக்கு வந்தார். அங்கே டிராம் தொழிலில் வேரூன்றியிருந்தவர்களில் மார்க் ஹன்னா முக்கியமானவர். பிற்காலத்தில் மாக்கின்லி என்பவரை அமெரிக்காவின் ஜனாதிபதியாக்கிய பெருந்தனவந்தர். இருவருக்கும் நடந்த போட்டியை விவரிக்கப் புகுந்தால் ஒரு புஸ்தகமாகும். ஒன்று மட்டும் கூறுவோம்: ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகிறவன் இரண்டு கம்பெனிகளுக்கு இரண்டு கட்டணம் கொடுத்துவந்த காலத்தில், ஒரே கட்டணத்தில் கொண்டுபோய் விடுவதாக ஜான்ஸன் முன்வந்தார். ஜனங்கள் அவர் வண்டியை நாடினர். குறைந்த கட்டணத்தில் நிறையப் பேரை ஏற்றினால் நஷ்டமில்லை, லாபமே என்பதை அவர் தம் சொந்தக் கணக்குப் புத்தகத்திலேயே கண்டுகொண்டார்.

நாளடைவில் செயின்ட் லூயி, டிட்ராய்ட், புரூக்லின் முதலிய நகரங்களிலும் அவருக்கு டிராம் பாதைகள் ஏற்பட்டன. தண்டவாளம் செய்யும் எஃகுத் தொழிற்சாலை ஒன்றையும் பென்ஸில்வேனியாவில் ஜான்ஸ்டவுன் என்னுமிடத்தில் ஸ்தாபித்தார். 1889-ஆம் வருஷம் மே மாதம் 31-ஆம் தேதி அணை உடைந்து அவ்வூரை வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. 2,200-க்கு மேற்பட்டவர் மாண்டனர். அந்தச் சமயத்தில் ஜான்ஸன் அங்கிருந்த தம் டிராம் வண்டிகளைச் சில காலம் கட்டணமின்றி ஓட்டச் செய்தார். தர்மமாகத்தான் அது தொடங்கிற்று. ஆனால் கட்டணம் வசூலிக்கும் தொல்லையில்லாமலும் வண்டி ஓடும் என்பதை அவர் அங்கே பார்த்துக்கொண்டார்.

மனம் மாறிய வரலாறு வேடிக்கையானது. ஒருநாள் இண்டியானபோலிஸிலிருந்து ரயிலிற் போகையில், புஸ்தகம் விற்கும் பையன் ஒருவன் ஹென்றி ஜார்ஜ் என்பவர் எழுதி 1883-இல் வெளிவந்த நூல் ஒன்றை நீட்டினான். ஜான்ஸன் அதனை வேறு ஏதோ விஷயமென்று நினைத்து ஒதுக்கினார். அருகில் நின்ற கண்டக்டர் அதைப் படிக்கும்படி வற்புறுத்தவே வாங்கினார். மறுபடியும் ஒரு கண்டக்டர்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது! நிலத்தின் மதிப்பு ஊர் வளர்வதனால் வளர்கிறது, நிலத்திற்கு உடையவன் செய்ததனால் அன்று. ஆதலால் அந்த உயர்வை ஊரே வரியாகப் பெற்றுக்கொண்டு, உழைப்பின் மீதும் வியாபாரத்தின் மீதும் உள்ள வரிகளை நீக்கிவிட வேண்டும் என்பது ஜார்ஜின் கொள்கை. அவருடைய பெரிய நூலையும் வாங்கிப் படித்த ஜான்ஸன் நிம்மதியிழந்தார். தம் வக்கீலிடம் அந்நூலைக் கொடுத்து, இதில் உள்ள தவறு எங்கேயென்று கண்டுபிடித்துச் சொல்லும்படி கேட்டார். வக்கீலால் தவறு காண இயலவில்லை. பின்பு ஜார்ஜையே நேரிற் கண்டு அவருக்கு நண்பரானார். டிராம் கம்பெனிகளின் லாபமும் அதே இனம் என்பது அவருக்கு விளங்கிற்று. வீதி ஊருக்குச் சொந்தம். அவ்வீதியில் தண்டவாளம் போடும் தனி உரிமையை நகரசபை ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கிறது. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு கம்பெனி ஊராரிடமே பணம் பறிக்கிறது.

உடனே தொழிலை விட்டுவிட்டாரா என்றால், இல்லை. இதனை மறைக்காமல் எழுத வேண்டியது நம் கடமை. மேலும் பல வருஷங்கள் அவர் அதே தொழிலில் நின்று பொருள் ஈட்டிக்கொண்டுதான் இருந்தார். சட்டம் இப்படி இருக்கிறவரையில் நான் விட்டால் வேறொருவன் எடுத்துக்கொள்வான். சட்டத்தை மாற்றுவதே வேலை என்பது அவர் கூறிய சமாதானம். அது போதுமான சமாதானமா என்பதில் எமக்குச் சந்தேகமுண்டு. ஆனால் வாய்ச்சொல்லோடு அவர் நின்றாரில்லை. 1891 முதல் 1895 வரை அமெரிக்கக் காங்கிரஸ் சபையில் அங்கத்தினராயிருந்தபோது, வெளிநாட்டு எஃகுத் தண்டவாளங்களுக்கு விதித்த சுங்கத்தை அறவே நீக்க வேண்டும் என்று வாதாடினார். தாமே தண்டவாள உற்பத்தியாளர். அச்சுங்கத்தால் லாபமடைபவர் அவரே. சபையில் இருந்தோர் இதைக் கண்டு திகைத்தனர்.

இன்னொரு பாடம் டிட்ராய்ட் நகரத்தில் கிடைத்தது. அங்கே மேயராயிருந்த ஹேஸன் பிங்க்ரீ என்பவர் டிராம் கட்டணம் 3 சென்ட்டாக வேண்டுமென்று கம்பெனிகளோடு பலத்த சண்டையிட்டார். எதிர்க்கட்சியில் நின்ற கம்பெனிக்காரர் ஜான்ஸன்! முதலில் எதிர்த்தவர் பிறகு பிங்க்ரீ சொல்வதே நியாயமென்று ஒப்புக்கொண்டார். 1899-இல் அந்நகரத்துப் பாதைகளை ஊரே வாங்கிக்கொள்ள இருவரும் கூடி முயன்றனர். நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தடுத்துவிட்டது. அதன் பின்னரே ஜான்ஸன் தம் டிராம் பங்குகளை விற்று, முழுநேரமும் பொது ஊழியத்திற்கு என்று கிளீவ்லந்து வந்து சேர்ந்தார்.

1901-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அவரை ஜனங்கள் மேயராகத் தேர்ந்தெடுத்தனர். அப்போது பதவியை விட்டுப்போக இருந்தவர்கள், ஏரிக்கரையில் நகரத்திற்குச் சொந்தமான விலையுயர்ந்த நிலத்தை ரயில் கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுக்கும் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றி வைத்திருந்தனர். அதனைத் தடுத்த கோர்ட்டு உத்தரவின் கெடு முடியும் தறுவாய். ஜான்ஸன் சம்பிரதாயங்களுக்காகக் காத்திராமல் ஏப்ரல் 4-ஆம் தேதியே பதவிப் பிரமாணம் செய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நிலம் தப்பியது.

அவர் ஜனங்களிடம் பேசிய விதமும் புதியது. பெரிய மண்டபங்களுக்கு எளியவர்கள் வரக் கூசுவர் என்று, சர்க்கஸ்காரர்கள் அடிப்பது போன்ற கூடாரம் ஒன்றை வாங்கி, இன்று இந்தப் பேட்டை, நாளை அந்தப் பேட்டை என்று ஊரெங்கும் கொண்டுபோய் அடித்தார். பிரசங்கம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். எதிரிகள் எழுந்து கடுமையாகக் கேட்டால் அவருக்குச் சந்தோஷம் அதிகம். தேகமோ பருத்தது, முகமோ எப்பொழுதும் சிரித்தது, கோபம் வந்து பார்த்தவர் குறைவு.

இனி அவருடைய பெரும் போராட்டத்தைக் கூறுவோம். கிளீவ்லந்தில் டிராம் கட்டணம் 5 சென்ட். அதனை 3 சென்ட்டாக்குவதே அவர் கொடியில் எழுதிய வாக்கு. இரண்டு சென்ட் என்ன பெரிது என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. காலையில் ஆலைக்குப் போய் மாலையில் திரும்பும் தொழிலாளி, வருஷத்தில் 300 நாள் பிரயாணம் செய்தால், 5 சென்ட் வீதம் 30 டாலர் ஆகும். 3 சென்ட் வீதம் 18 டாலர் ஆகும். மிச்சம் 12 டாலர். நாட்கூலி ஒன்றரை டாலர் அளவிலிருந்த காலத்தில் அது எட்டு நாட் கூலி. ஒரு வீட்டில் மூவர் வேலைக்குப் போனால் ஒரு மாதக் கூலிக்குச் சற்றுக் குறைவு. கட்டணம் தாளாதவர்கள் ஆலைப் புகைக்கு நடுவே நெருங்கிய சந்துகளிலேயே குடியிருக்க நேர்ந்தது. கட்டணம் குறைந்தால் காற்றோட்டமுள்ள ஊர்ப்புறத்தில் வீடு பார்க்கலாம். ஆகவே இது காசு விவகாரம் மட்டுமன்று.

கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது என்று எதிரிகள் கூறினர். ஜான்ஸன் அத்தொழிலின் உள்மர்மம் அறிந்தவராதலால் அவரை ஏய்க்க முடியவில்லை. தண்டவாளம், வண்டி, மின்சார யந்திரம் யாவற்றிற்கும் ஆன அசல் செலவு ஒரு பங்கானால், ஏட்டிலே முதல் என்று எழுதிக்கொண்டது பல பங்கு. மிகுதியெல்லாம் ஊரார் எழுதிக் கொடுத்த உரிமைக் காகிதத்தின் மதிப்பு. இல்லாத முதலுக்கு லாபம் பங்கிட வேண்டியிருந்தமையால்தான் 5 சென்ட் தேவைப்பட்டது. இப்படி ஏட்டை ஊதிக் காட்டும் வித்தையைத் தாமே முன்பு செய்தவர் சொல்லும்போது மறுப்பது யார்?

ஆனால் வழியோ கரடுமுரடு. நகரசபை டிராம் நடத்தக் கூடாதென்று ஓஹையோ மாகாணச் சட்டம் தடுத்தது. ஆகவே அவர் ஒரு உபாயம் செய்தார்: 3 சென்ட் கட்டணத்திற்குச் சம்மதிக்கிற புதிய கம்பெனிக்குச் சில வீதிகளில் உரிமை கொடுத்தார். அக்கம்பெனியைக் குத்தகைக்கு எடுத்து நடத்த 1906-இல் ஒரு தர்மகர்த்தா சபை போன்ற ஸ்தாபனம் ஏற்பட்டது; பங்குதாரருக்கு நூற்றுக்கு 6 மாத்திரம் கொடுத்து, எஞ்சியதெல்லாம் ஊராருக்கே பயன்பட வேண்டுமென்பது ஏற்பாடு. பழைய கம்பெனிகள் 1903-இல் ஒன்றாகக் கூடி நின்று கோர்ட்டுக்குப் போயின. இந்த வீதியைக் கடக்காதே, அந்தத் தண்டவாளத்தைத் தொடாதே என்று ஐம்பதுக்கு மேற்பட்ட தடையுத்தரவுகள் பிறந்தன. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 1902-இல் மாகாண உச்ச நீதிமன்றம் நகரத்தின் அரசியலமைப்பையே செல்லாதென்று தள்ளிற்று. 1903-இல் மாகாண கவர்னர் பதவிக்கு நின்று ஜான்ஸன் தோற்றார். ஆயினும் கிளீவ்லந்து ஜனங்கள் 1903, 1905, 1907 ஆகிய மூன்று தடவையும் அவரையே மேயராகத் தேர்ந்தனர்.

1906-ஆம் வருஷம் நவம்பர் மாதம் முதல் தேதி 3 சென்ட் கட்டண வண்டி முதன்முதலாக வீதியில் ஓடிற்று. அதனை ஓட்டியவர் மேயர் ஜான்ஸனே. டிராம் ஆபீஸில் வாரக்கூலிக்கு வேலை செய்த பையன், முப்பத்தேழு வருஷம் கழித்து, ஊரார் சார்பாக டிராம் ஓட்டிய அன்று அவர் முகம் எப்படி இருந்திருக்குமென்று நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

கட்டணச் சண்டை ஒன்பது வருஷம் நடந்ததெனினும், அது ஒன்றே அவர் ஊழியம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு நகரத்தின் யோக்கியதையை அதன் பெருவீதிகளில் அல்ல, அதன் அநாதை விடுதியிலும் சிறைச்சாலையிலும் சென்று பார்க்க வேண்டுமென்பது அவர் கொள்கை. தர்ம ஸ்தாபனங்களின் பொறுப்பைத் தம் நண்பராகிய ஹாரிஸ் கூலே என்னும் பாதிரியாரிடம் ஒப்படைத்தார். அவ்வூர் வேலைச்சிறையில் அடைபட்டிருந்தோர் பலர் செய்த குற்றம் யாது? குடித்துவிட்டு வீதியில் கிடந்தது, அல்லது அதுபோன்ற ஏதோ சிறு பிழை. அபராதம் கொடுக்கக் காசில்லாமையால் உள்ளே இருந்தனர். காசுள்ளவன் அதே பிழை செய்துவிட்டு மாலையில் வீடு திரும்புவான். வறுமைக்காகச் சிறையா என்று கேட்டு, ஜான்ஸனும் கூலேயும் அவ்விதமானவர்களை ஒவ்வொருவராக விசாரித்து விடுதலை செய்தனர். பத்திரிகைகள் கூக்குரலிட்டன, அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

பின்னர் ஊருக்கு வெளியே வாரன்ஸ்வில் என்னுமிடத்தில் நிலங்களைச் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்து ஏறக்குறைய 2,000 ஏக்கர் பண்ணையாக்கினர். நகரத்து நெரிசலில் சுவருக்குள் புருசு செய்துகொண்டிருந்த கைதிகள் அங்கே திறந்த வெளியில் உழுது பயிரிட்டனர். ஏழைகளின் விடுதியும் க்ஷயரோக வைத்தியசாலையும் அப்பண்ணையிலேயே அமைந்தன. ஏழைகள் விடுதியில் ஒரு கொடிய வழக்கம் இருந்துவந்தது: ஐம்பது வருஷம் ஒன்றாக வாழ்ந்த கிழவனும் கிழவியும் வறுமையால் உள்ளே வந்து சேர்ந்தால், ஆண்கள் பகுதி, பெண்கள் பகுதி என்று இருவரையும் பிரித்துவிடுவார்கள். புதிய பண்ணையில் வயது முதிர்ந்த தம்பதிகளுக்கென்று தனியிடம் அமைத்து, ஒன்றாகவே வாழ விட்டார்கள். பெரிய மேடைகளில் பேசப்படாத காரியம் இது. ஆயினும் அவர் செய்தவற்றுள் இதனைக் காட்டிலும் உயர்ந்தது உண்டோ என்று எமக்குத் தோன்றுகிறது. தவறு செய்த சிறுவர்களைப் பெரிய கைதிகளோடு அடைக்காமல், ஹட்ஸன் என்னுமூரில் அவர்களுக்கெனப் பண்ணைப் பள்ளி ஒன்றையும் நிறுவினர்.

ஊருக்குள் எளியவர் குடியிருந்த பகுதிகளில் பொதுக் குளிப்பறைகள் கட்டப்பட்டன. குழந்தைகள் விளையாட மைதானங்கள் ஏற்பட்டன. பூங்காக்களில் புல்லின்மேல் நடக்கக் கூடாதென்று நட்டிருந்த பலகைகளை மேயர் பிடுங்கி எறியச் செய்தார். புல் யாருக்காக வளர்க்கிறோம், ஜனங்களுக்காகத்தானே என்பது அவர் வாதம். கடைகளில் கள்ளத் தராசும் கள்ளப் படியும் வைத்திருந்தவர்களிடமிருந்து அவற்றைப் பறிமுதல் செய்து அழித்தனர். நேர்மையான வியாபாரிகள் இதனை வரவேற்றனர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. வரி விஷயத்தில், பீட்டர் விட் என்பவரைக் கொண்டு பெரிய வரைபடங்களைத் தயாரித்துச் சுவரில் தொங்கவிட்டார். ஒவ்வொரு மனைக்கும் என்ன மதிப்புப் போட்டிருக்கிறார்கள் என்று யாரும் வந்து பார்க்கலாம். ஏழையின் சிறு வீட்டிற்கு அதிக மதிப்பும், பெரிய கம்பெனியின் கட்டடத்திற்குக் குறைந்த மதிப்பும் போட்டிருந்தது வெட்டவெளிச்சமாயிற்று. எதிரிகள் இதற்கும் கோர்ட்டில் தடை வாங்கினர். நகரசபையே சிறு அளவில் மின்சார நிலையம் நடத்தவும் அவர் காலத்தில் வழி பிறந்தது. அதன் வழிவந்த நகர மின்சார ஸ்தாபனம் கிளீவ்லந்தில் இன்றும் நடந்துவருகிறது.

1907 தேர்தலில் அவர் ஜெயித்தபின் பழைய டிராம் கம்பெனி இறங்கிவந்தது. ஒரு பங்குக்கு 55 டாலர் என்று மதிப்பிட்டு உடன்பாடு ஆயிற்று. 1908-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 28-ஆம் தேதி ஊர் முழுவதிலும் உள்ள பாதைகள் 3 சென்ட் கட்டண ஸ்தாபனத்தின் வசமாயின. அந்த ஒருநாள் முழுவதும் யாவருக்கும் இலவசம். குழந்தைகளும் கிழவர்களும் கூட்டங்கூட்டமாக வண்டியேறி ஊர் சுற்றினர்.

வெற்றி நிலைக்கவில்லை. பழைய கம்பெனியின் தொழிலாளர்கள் தங்களுக்கு வாக்களித்திருந்த கூலி உயர்வைக் கேட்டனர். புதிய நிர்வாகம் அந்த வாக்குக்குத் தான் கட்டுப்பட்டதல்ல என்றது. மே மாதத்தில் வேலைநிறுத்தம் மூண்டது. வெடிமருந்து வைக்குமளவுக்குக் கலகம் முற்றியது. வரவு செலவைச் சரிக்கட்ட வேண்டிச் சில தடங்களில் வண்டிகளைக் குறைத்தனர். வண்டி மாறுவதற்குத் தனிக் காசு வாங்கினர். ஜனங்களுக்குச் சலிப்பு ஏற்பட்டது. ஏழைகளின் நண்பரென்று பெயர் பெற்றவர், தம் சொந்த வண்டியோட்டிகளோடு இணக்கம் காணத் தவறியது பெருங்குறையே. அவருடைய அபிமானிகள் எதிரிகளின் சூழ்ச்சியென்று மட்டும் எழுதி முடித்துவிடுகின்றனர். அது முழு உண்மையன்று. 1908 அக்டோபர் 22-ஆம் தேதி அந்த ஏற்பாட்டை ஜனங்களின் நேர் ஓட்டுக்கு விட்டபோது, சுமார் 600 ஓட்டு வித்தியாசத்தில் அது தோற்றது. பாதைகள் கோர்ட்டு நியமித்த அதிகாரியின் வசம் போயின.

அதே காலத்தில் அவருடைய சொந்தச் செல்வமும் கரைந்துவிட்டது. 1901-இல் சகோதரர் இறந்தபின் அந்தச் சொத்து விவகாரங்களில் சிக்கிக்கொண்டார். நகர வேலையில் மூழ்கியிருந்தபடியால் தம் காரியங்களைக் கவனிக்க நேரமில்லை. யூக்ளிட் அவென்யூ என்னும் கனவான்கள் வீதியிலிருந்த மாளிகையை 1908-இல் விட்டுச் சிறிய இடத்திற்குக் குடிபோனார். 1909 நவம்பர் தேர்தலில் தோல்வியுற்றார். தேகமும் தளர்ந்தது.

ஆனால் விதை வீண்போகவில்லை. டெய்லர் என்னும் நீதிபதியின் மத்தியஸ்தத்தில் உருவாகி, ஜனங்களின் ஓட்டால் ஒப்புக்கொள்ளப்பட்ட புதிய உடன்படிக்கை 1910 மார்ச் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன்படி ஆரம்பக் கட்டணம் 3 சென்ட். கம்பெனிக்கு அசல் முதலின்மேல் நூற்றுக்கு 6. வண்டிகளின் போக்குவரத்தை மேற்பார்க்கும் அதிகாரம் நகரசபைக்கு. பெயர்தான் வேறு, சாரம் ஜான்ஸன் கேட்டதே. அதனைப் பதவியிழந்த மனிதராக வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நோயோடு போராடிய கடைசி மாதங்களில் தம் சரித்திரத்தைத் தாமே சொல்லி எழுதுவித்தார். 1911-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 10-ஆம் தேதி, ஐம்பத்தாறாம் வயதில் காலமானார். புரூக்லினில் ஹென்றி ஜார்ஜின் சமாதிக்கு அருகிலேயே அவரை அடக்கம் செய்தனர்.

அவருக்குச் சட்ட ஆலோசகராயிருந்து பயின்ற நியூட்டன் பேக்கர் என்னும் இளைஞர் 1912-இல் கிளீவ்லந்து மேயரானார். பின்பு 1916-இல் அமெரிக்க சர்க்காரின் யுத்த மந்திரியாகவும் உயர்ந்தார். 1916-இலேயே நகரத்தின் நடுச்சதுக்கத்தில் ஜான்ஸனுக்கு வெண்கலச் சிலை வைத்தனர். நாற்காலியில் அமர்ந்து, ஜார்ஜின் நூலைக் கையில் பிடித்த கோலம். 1942-இல் நகரசபை டிராம் கம்பெனி முழுவதையும் விலை கொடுத்து வாங்கி ஊருக்குச் சொந்தமாக்கிற்று. 1954 ஜனவரியில் டிராம் வண்டிகளின் காலம் முடிந்து, அவற்றின் இடத்தைப் பஸ்கள் பிடித்துக்கொண்டன. சிலையைச் சுற்றியுள்ள திடல் மாத்திரம், யார் வேண்டுமானாலும் நின்று தம் குறையைச் சொல்லலாம் என்னும் இடமாக வழங்கிவருகிறது.